இருபத்துமூன்றும் அறுபத்தேழும்

ஒன்றுமே இல்லாத தண்ணீரில் ஐம்பத்தெட்டுத் துகள்களைக் கண்டுபிடித்த ஆய்வகம் என்ற பெயர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு பக்கக் கடிதமாக வந்து சேர்ந்தது.

குடிநீரில் கலந்திருக்கும் பிளாஸ்டிக் நுண்துகள்களை எண்ணுகிற ஆய்வகங்களுக்கெல்லாம் தேர்வு வைக்கும் மையம் ஒன்று உண்டு. கடிதம் அங்கிருந்து வந்தது. தேர்வின் முறை எளியது. மூன்று சிறு சீசாக்களை அனுப்புவார்கள். எதில் எத்தனை துகள்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது. சீசாவில் உள்ளதைத் தூய நீர் ஒரு லிட்டரில் கலந்து, அன்றாடம் தண்ணீரை மாதிரி எடுக்கும் அதே குப்பியில், அன்றாடம் செய்வதைப் போலவே செய்து, எண்ணிச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வகம் சொன்ன விடைகள் ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றேழு, நூற்று எண்பத்தொன்று. சரியான விடைகள் சுழியம், நாற்பது, நூற்று இருபது.

இயக்குநர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே தலைமைப் பகுப்பாய்வாளர் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காருங்க."

"நிக்கிறேன் சார்."

"இன்னொரு வாய்ப்பு குடுக்கிறாங்க. இருபத்து நாலு நாள்ல எல்லா ஆய்வகத்துக்கும் அடுத்த சுத்து சீசா வரும். அதுவும் போச்சுன்னா துகள் பிரிவை மூடிட்டு, தண்ணியைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பறதுன்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப நான்?"

"மாதிரி வாங்கி வைக்கற கவுண்டர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

 ஐம்பத்தொரு வயதில், இருபத்தாறு ஆண்டு வேலைக்குப் பிறகு, குப்பிக்குச் சீட்டு ஒட்டுகிற நாற்காலிக்கு இறங்குவதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

துகள் பிரிவு அவளுடைய கையால் எழுந்தது. தாழ்வாரத்தின் கடைசியில் உடைந்த தராசுகளும் பழைய பதிவேடுகளும் மண்டிக் கிடந்த சரக்கறையை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒழித்து, சுவரைத் தேய்த்து, சன்னலை அடைத்து, வாசலில் பலகை மாட்டியவள் அவளே. செயற்கை இழையில் நெய்த துணி எதுவும் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. தையற்காரரான அவள் கணவர் தைத்துக் கொடுத்த முரட்டுப் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டுதான் எவரும் உள்ளே கால் வைக்கலாம். ஒருமுறை இயக்குநரே நைலான் காலுறையோடு வந்து, அவள் பார்த்த பார்வையில் காலுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்று பேசிவிட்டுப் போனார்.

உள்ளே நடப்பது பொறுமையின் வேலை. தண்ணீரைக் கண்ணாடிப் புனல் வழியே நாணயம் அளவுள்ள வடிதாளில் இறக்குவாள். அதன்மேல் சொட்டுகிற சாயம் பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்ளும். மண்ணையும் கண்ணாடியையும் பற்றாது. பிறகு நீல ஒளி பாய்ச்சி, ஆரஞ்சுக் கண்ணாடியை இடையில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள துகளும் பொறியாக மின்னும். கட்டம் கட்டமாக, இடமிருந்து வலமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள். ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக, ஆய்வகத்தின் தூய நீரைக் கண்ணாடிக் குவளை ஒன்றில் நேராகப் பிடித்து அதையும் இப்படியே எண்ணுவாள். அறையும் கருவிகளும் சுத்தம் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்று. இரண்டு வரும், மிஞ்சினால் மூன்று.

இதற்கெல்லாம் மேலாக ஒரு கட்டளை இருந்தது. எந்தக் குழாயில் மாதிரி எடுக்கிறோமோ, அந்தக் குழாய்த் தண்ணீராலேயே குப்பியை மூன்று முறை அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் மூட வேண்டும், குலுக்க வேண்டும், திறந்து கொட்ட வேண்டும். வேதியியல் படித்த முதல் ஆண்டிலேயே கையில் ஊறிப்போன பழக்கம் அது. அதைச் சொல்லிச் சொல்லியே ஆய்வகம் முழுவதும் 'மூணு தடவை மேடம்' என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

கடிதம் வந்த அன்றே அவள் மையத்துக்குப் பதில் எழுதினாள்: உங்கள் சீசா அசுத்தமாக இருந்திருக்கலாம். மறுநாளே மறுமொழி வந்தது: மற்ற இருபத்திரண்டு ஆய்வகங்களும் அதே சீசாவில் சுழியம் முதல் பதினைந்து வரைதான் கண்டன, மரியாதையுடன். அந்த 'மரியாதையுடன்' அவளைக் குத்தியது.

ஒன்பது நாள் அறையைக் கழுவினாள். புனலைக் கழுவினாள், விளக்கைத் துடைத்தாள், அங்கிகளை வேகவைத்தாள். குவளைத் தண்ணீரில் இரண்டு, இரண்டு, ஒன்று. அறையில் குற்றமில்லை. அப்படியென்றால் குற்றம் அறைக்கு வெளியே இருக்கிறது. மூன்று ஆண்டுப் பதிவேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஊரில் மாதிரி எடுப்பவர்கள் ஐந்து பேர். நான்கு பேருடைய குப்பிகளில் லிட்டருக்கு அறுபது, எழுபது, எண்பது. ஐந்தாமவனுடைய குப்பிகளில் இருபது, இருபத்தைந்து. அவனுடைய பட்டியலிலும் ஒரே ஒரு தெரு விலக்கு: மேட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகிற தெரு. அங்கே மட்டும் இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்தக் கணக்கைப் பார்த்து, அவன் குழாய்க்கே போகாமல் எங்கோ பிடித்து நிரப்புகிறான், குப்பிகளை மாற்றிக் குழப்புகிறான் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். அந்தத் தெருவின் எண்களை எல்லாம் 'நம்பத்தகாதது' என்று அடித்துவிட்டாள். இரண்டு மாதங்களுக்கு முன் அவன்மீது ஒரு மெமோவும் கொடுத்திருந்தாள்.

அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். படியில் ஏறும்போதே அடுத்த வேலைக்கு இறங்கிக்கொண்டிருப்பவன் என்பதால் வந்த பெயர். மறுநாள் காலை, மாதிரி எடுக்கும் வேனில் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வேவு பாக்கவா மேடம்?"

"வேலை பாக்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"வேவு பாத்தாலும் தப்பில்லை. ரெண்டு மாசமா அந்த மெமோவுக்குப் பதில் எழுத நேரமே கெடைக்கலே. நேர்ல பாத்துட்டீங்கன்னா எழுத வேண்டாமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

முதல் குழாய் ஒரு சலவைக்கடையின் பின்பக்கத்தில் இருந்தது. அவன் வண்டியிலிருந்து குதித்தான், தாள் சுற்றைப் பிரித்தான், மூடியைத் திருகினான், நிரப்பினான், மூடினான், சீட்டில் நேரத்தை எழுதினான். எல்லாம் அரை நிமிடம். குழாய்க்கு உண்மையாகவே வருகிறான் என்பது ஒன்று. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"மூணு தடவை?"

"ஒரு தடவையிலேயே ரொம்பிடுச்சே மேடம். பாட்டில் அவ்வளவுதான் பிடிக்கும்."

"அலசறதைக் கேக்கறேன்."

"கோவிச்சுக்காதீங்க. காலையில நாப்பது குழாய். நீங்களே கழுவி, சூட்டுல காயவெச்சு, தாள் சுத்திக் குடுக்கற பாட்டில். அதைப் போய் நான் மறுபடி அலசினா, உங்க கையை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

"எத்தனை நாளா இப்படி?"

"நெஜத்தைச் சொல்லவா, மரியாதையாச் சொல்லவா?"

"நெஜத்தைச் சொல்லுங்க."

"மூணு வருஷமா."

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிறைவில் அவளுக்கு உடம்பே இலேசானது. புதுக் குப்பி ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டி, அதே குழாயில், தன் கண்முன்னே, கட்டளைப்படி செய்யச் சொன்னாள். அவன் நிரப்பினான், மூடினான், குலுக்கினான், திறந்தான், கொட்டினான். மீண்டும். மீண்டும். நான்காம் முறை நிரப்பி மூடி, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இப்படியே நாப்பது குழாய்னா, நாளைக்குத்தான் மேடம் இன்னிக்கு முடியும்."

இரண்டு குப்பிகளிலும் தன் கையாலேயே சீட்டு ஒட்டினாள். அலசாத குப்பி எவ்வளவு அழுக்கு என்பதை இயக்குநருக்கு எண்ணில் காட்டப் போகிறாள்.

மறுநாள் முற்பகல் எண்ணி முடித்தாள். அலசாத குப்பியில் இருபத்துமூன்று. மும்முறை அலசிய குப்பியில் அறுபத்தேழு.

சீட்டை மாற்றி ஒட்டிவிட்டோமோ என்று பார்த்தாள். மாற்றவில்லை. மறுபடி எண்ணினாள். இருபத்துமூன்று, அறுபத்தாறு. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒரே குழாய், ஒரே நேரம், ஒரே கை. அலசாதது அழுக்காக இருந்தால் அது நியாயம். அலசியது மூன்று மடங்கு அழுக்காக இருப்பதற்கு என்ன நியாயம்?

வெறுங்குப்பி ஒன்றைக் கையில் எடுத்து, குழாயடியில் அவன் செய்ததையெல்லாம் காற்றிலேயே செய்துபார்த்தாள். திறந்தாள், மூடினாள், குலுக்கினாள், திறந்தாள். மூன்றாம் திருகலில் மூடி கண்ணாடியின்மேல் மெல்ல முனகியது. அந்த ஒலி எப்போதும் இருந்தது. அவள்தான் அதைக் கேட்டதில்லை.

குப்பி கண்ணாடி. மூடி பிளாஸ்டிக். தண்ணீர் மூடியில் படக்கூடாதென்று மூடிக்குள் உலோகத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டியவள் அவளே. அதற்காக அன்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டவளும் அவளே. ஆனால் மூடியின் மரையும் குப்பியின் மரையும் ஒன்றின்மேல் ஒன்று உராயாமல் மூடி திருகாது. அந்த மரைக்கு அவள் எந்தத் தாளும் ஒட்டவில்லை.

புது வடிதாளை விரித்து, அதன்மேல் குப்பியின் கழுத்தைச் சாய்த்துப் பிடித்து, மூடியை இருபது முறை திருகித் திறந்தாள். சாயம் விட்டாள். நீல விளக்கைப் போட்டுக் குனிந்தாள். வடிதாள் முழுவதும் உப்பைத் தூவியதுபோல் மின்னியது.

அன்று மதிய உணவுப் பொதியைப் பிரிக்கவே இல்லை. நான்கு குப்பிகளில் தூய நீரைப் பிடித்தாள். முதல் குப்பியின் மூடியை இரண்டு முறை திறந்தாள், அடுத்ததை ஐந்து முறை, அடுத்ததைப் பத்து, கடைசியை இருபது. எண்ணினாள். இருபத்தைந்து. அறுபத்து நான்கு. நூற்று முப்பத்தொன்று. இருநூற்று ஐம்பத்தெட்டு. திருகலுக்குப் பதின்மூன்று என்று, படிக்கட்டுப்போல ஏறியது கணக்கு. அவசரத்தின் குப்பி இரண்டு முறைதான் திறக்கப்படுகிறது: குழாயடியில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று. மற்ற நால்வரின் குப்பிகள் ஐந்து முறை. கட்டளையை மீறாதவர்கள் அந்த நால்வரும். தேர்வுக்காக அவளே மும்முறை அலசிப் பிடித்த குப்பிகளும் அப்படித்தான்; அந்த ஐம்பத்தெட்டு வந்த வழி அது. காலையில் அவள் எண்ணுகிற குவளைக்கோ மூடியே கிடையாது. அதனால்தான் அது மூன்று ஆண்டுகளாகச் சுத்தம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஊர்த் தண்ணீரில் அவள் கண்டதாக எழுதியவற்றில் பெரும்பகுதி, அவளுடைய ஒழுங்கிலிருந்து உதிர்ந்தது.

பிறகுதான் மேட்டுத் தெரு நினைவுக்கு வந்தது. இரண்டே முறை திறந்த குப்பியில் இருநூற்றுப் பத்து. மூடியின் பங்கு இருபத்தைந்து என்றால், மீதி நூற்று எண்பத்தைந்து எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தத் தெருவுக்கு மேல் அவள் இழுத்த சிவப்புக் கோடுகளை எண்ணினாள். பதினேழு. அங்கே பதினேழு மாதங்களாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் வீட்டில் கணவர் ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எதைச் சொன்னாலும் வரிசையாகச் சொல்வது அவள் வழக்கம்.

"அப்ப, வேலைக்குக் கள்ளம் பண்ணவன் ஜெயிச்சுட்டான்," என்றார் அவர், ஊசியைப் பல்லில் கடித்தபடி.

"அவன் ஜெயிக்கலே. அவன் பாட்டில் ஜெயிச்சுது."

"சரி, பாட்டிலுக்கே மாலை போடு. இப்ப என்ன பண்ணப் போறே?"

"மூணு வருஷ அறிக்கையும் தப்புன்னு எழுதித் தரணும். முப்பத்தாறு அறிக்கைங்க. எல்லாத்துலயும் என் கையெழுத்து."

அவர் ஊசியை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அளவு தப்புன்னு தெரிஞ்ச சட்டையை, போட்டுப் பாத்தவன் வந்து கத்தறதுக்கு முன்னாடி நானே பிரிச்சிடுவேன். அவன் கத்தின பிறகு பிரிச்சா அது தையல் இல்லே, தண்டனை."

"நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி இருக்குங்க."

"இருக்கும். பிரிக்கறதுக்குத்தான் நேரம் ஆகும். நீ பிரி, நான் சோறு வைக்கிறேன்."

இயக்குநர் அவ்வளவு எளிதில் இறங்கி வரவில்லை. மேசைமேல் பரப்பிய நான்கு வடிதாள்களையும் அவள் எழுதிக்கொண்டுவந்த திருத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேர்வு வர இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. இந்த நேரத்துல நாங்களே மூணு வருஷமா தப்பா எண்ணிட்டோம்னு எழுதிக் குடுத்தா, தேர்வே வேண்டாம், இப்பவே மூடுங்கன்னுதானே சொல்லுவாங்க?"

"சொல்லலாம் சார்."

"தேர்வு முடியட்டும். பாஸாயிட்டா, மெதுவா, யாருக்கும் தெரியாம மூடியை மாத்திக்கலாம்."

"அப்ப மேட்டுத் தெரு?"

"அந்த எண்ணை இப்ப எடுத்துட்டுப் போனா, தொட்டிக்காரங்க நம்மைப் பாத்துச் சிரிப்பாங்க மேடம். சுத்தத் தண்ணியில அம்பத்தெட்டு பாத்தவங்கதானே நீங்கன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் சொன்னது உண்மை. கடைசியில் அவள் சொன்னதிலும் கொஞ்சம், அவர் சொன்னதிலும் கொஞ்சம் என்று முடிந்தது. திருத்தம் அன்றே கையொப்பத்தோடு கோப்பில் ஏறும். தேர்வு விடைகளோடு சேர்ந்து மையத்துக்குப் போகும். மேட்டுத் தெருவின் எண், தேர்வில் தேறினால், தேறிய நாளிலேயே தொட்டிக்காரர்களுக்குப் போகும்.

"தேறலேன்னா?"

"தேறலேன்னா உங்க எண்ணையும் என் எண்ணையும் யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் இயக்குநர்.

அவள் நேரே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். அவசரம் வேனின் பின்கதவில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குவளையைக் கீழே வைத்தான்.

"இன்னொரு மெமோவா மேடம்?"

"பழையதை வாபஸ் வாங்கியிருக்கேன். எழுத்துல. இந்தாங்க நகல்." தாளை நீட்டினாள். "உங்களை நம்பாம இருந்துட்டேன். தப்பு என்னோடது."

அவன் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். அவ்வளவு பொறுமையாக அவன் எதையும் படித்து எவரும் பார்த்ததில்லை.

"அப்ப நான் செஞ்சதுதான் சரியா?"

"சரின்னு சொல்லலே. செய்யாம விட்டது நல்லதாப் போச்சுன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற."

"எப்படியோ, எழுத்துல இருக்கில்ல. எங்க வீட்டுல காட்டணும். என் சம்சாரம் நம்பவே மாட்டா."

சிக்கல் அதோடு தீரவில்லை. திருகுமூடி வேண்டாமென்றால் வேறு எந்த மூடி? கண்ணாடிக் குப்பிக்குக் கண்ணாடி அடைப்பான்தான் சரி. அது உராய்ந்தால் கண்ணாடித் தூள்தான் உதிரும். கண்ணாடியைச் சாயம் பற்றாது. ஆனால் அப்படிப்பட்ட குப்பிகளை எழுதிக் கேட்டு வாங்க நான்கு மாதமாகும் என்று கொள்முதல் பிரிவு கைவிரித்தது. அவள் அதை வேனுக்கு அருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவசரம் காதைச் சொறிந்தான்.

"கண்ணாடிக் குமிழ் வெச்ச மூடிதானே? ஆசிட் ஊத்தி வைப்பாங்களே, அந்த மாதிரி?"

"ஆமா."

"எங்க அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்துல சோதனைக்கூடம் பாத்துக்கறா. பீரோ நிறைய வெச்சிருக்கா. தொடக்கூட விடமாட்டா."

"கேட்டா குடுப்பாங்களா?"

"நான் கேட்டா குடுக்க மாட்டா. என்னை அவளுக்கு நல்லாத் தெரியும். நீங்க கேட்டீங்கன்னா, ரெண்டு பேரும் ஒரே ஜாதகம், குடுத்துடுவா."

அக்காள் ஐம்பது வயதுக்காரி. கொத்துச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். பகுப்பாய்வாளரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள், எதில் கழுவுவீர்கள், அடைப்பான்களை மாற்றிப் போட்டுவிடுவீர்களா என்று கேட்டாள். ஒவ்வொரு அடைப்பானும் அதற்குரிய குப்பிக்கே பொருந்தும், மாற்றினால் ஒழுகும், எனவே குப்பியிலும் அடைப்பானிலும் ஒரே எண்ணைச் செதுக்கிக் கட்டிவைப்பேன் என்று பகுப்பாய்வாளர் சொன்னாள். அக்காள் அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் பீரோவைத் திறந்தாள். இருபத்து நான்கு குப்பிகள், பருத்தி நாடாவால் கழுத்துக் கட்டப்பட்டு, வேனில் ஏறின.

"அக்கா, எனக்கு ஒரு பேனாகூட குடுத்ததில்லையே நீ," என்றான் அவசரம்.

"குடுத்த பேனா எங்கடா?" என்றாள் அவள்.

புதுக் குப்பியில் பிடித்த தூய நீரை, இம்முறை குவளையில் அல்லாமல், வேனில் ஏற்றி ஊரைச் சுற்றவைத்து, குழாயடியில் திறந்து, மூடி, திரும்பக் கொண்டுவந்து எண்ணினாள். குப்பி போகிற வழியெல்லாம் சாட்சியும் போக வேண்டும் என்பதை மூன்று ஆண்டு தாமதமாகக் கற்றிருந்தாள். ஒன்று. அடுத்த நாள் சுழியம். அடுத்த நாள் ஒன்று. சலவைக்கடைக் குழாயில் மூன்று. ஊரின் ஐந்து பகுதிகளிலும் இரண்டு, நான்கு, ஐந்து. ஊர் இத்தனை நாளும் அவள் எழுதியதைவிடப் பத்து மடங்கு நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. மேட்டுத் தெருவில் மட்டும் நூற்றுத் தொண்ணூறு.

குறித்த நாளில் சீசாக்கள் வந்தன. அவள் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முதல் சீசாவின் வடிதாளில் கட்டம் கட்டமாக நகர்ந்தாள். இருட்டு. மறு கட்டம், இருட்டு. நூறு கட்டங்களும் இருட்டாகவே முடிந்தபோது, ஒன்றுமில்லை என்பதை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று அவளுக்குப் புரிந்தது. ஒன்றாவது இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது. அதற்குச் செவிசாய்க்கவில்லை. சுழியம் என்று எழுதினாள். இரண்டாவதில் எழுபத்துநான்கு. மூன்றாவதில் இருநூற்று ஒன்பது. திருத்தத்தையும் நான்கு வடிதாள்களின் படங்களையும் சேர்த்து உறையிலிட்டு ஒட்டினாள்.

விடை வந்தது பதினோராம் நாள். இயக்குநர் அதை அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்து வந்தார். வழியெங்கும் கதவுகள் திறந்து, தலைகள் எட்டிப் பார்த்தன.

"சுழியத்துக்குச் சுழியம்," என்று அவர் சத்தமாகப் படித்தார். "எழுபத்தஞ்சுக்கு எழுபத்துநாலு. இருநூத்துப் பத்துக்கு இருநூத்து ஒம்பது. இருபத்து மூணு ஆய்வகத்துல முதல் இடம். சுழியத்தைச் சுழியமாச் சொன்னது நாம மட்டும்தான்."

எவரோ கைதட்டினார்கள். அது தாழ்வாரம் முழுவதும் பரவியது. அவள் கதவருகே, அங்கியின் பொத்தானைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"இன்னும் இருக்கு, கேளுங்க," என்றார் இயக்குநர். "மத்தவங்க சுழியச் சீசாவுல அஞ்சும் பத்தும் ஏன் வருதுன்னு இவங்களுக்கு நாலு வருஷமாப் புரியலையாம். நீங்க அனுப்பின மூடிக் கணக்கைப் பாத்த பிறகு எல்லாரையும் விசாரிச்சிருக்காங்க. பாதிப் பேர் அதே திருகுமூடி. இனிமே எல்லா ஆய்வகத்துக்கும் உங்க முறைதான் விதியாம். எழுதித் தரச் சொல்றாங்க. கண்டுபிடிச்சவர் பேரோட."

"ரெண்டு பேர் போடணும் சார்."

"யார் ரெண்டாவது?"

"ரெண்டாவது நான்."

வாசலில் தலை நீட்டியிருந்த அவசரத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. விளங்கியதும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான்.

"பேரைத் தப்பில்லாம எழுதுங்க மேடம்," என்றான் கடைசியில்.

"நான் எதைத் தப்பா எழுதியிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, முப்பத்தாறு அறிக்கைகளை நினைத்து, அவளே சிரித்துவிட்டாள். தாழ்வாரமே சிரித்தது.

இயக்குநர் நின்ற நிலையிலேயே சுவரில் தாளை வைத்து, மேட்டுத் தெருவின் எண்ணுக்குக் கீழே கையொப்பமிட்டார். அந்தக் கடிதம் மதியத்துக்குள் தொட்டிக்காரர்களிடம் சேர்ந்தது. எவரும் சிரிக்கவில்லை. மாலைக்குள் அந்தத் தெருவுக்கு லாரியில் தண்ணீர் போயிற்று. தொட்டியின் வடிகாலைத் திறந்து நீரை வடியவிட்டார்கள்.

மறுநாள் காலை துகள் பிரிவின் தொலைபேசி ஒலித்தது. தொட்டிப் பொறியாளர் தொட்டியின் உள்ளேயிருந்து பேசினார்; அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது.

"மேடம், பதினெட்டு மாசத்துக்கு முன்னாடி உள்பக்கம் ஒரு புதுப் பூச்சு அடிச்சாங்க. அது சுவத்துல ஒட்டவே இல்லை. இதோ விரலால இழுக்கிறேன், முழம் முழமா வருது. நீங்க இதை மைக்ரோஸ்கோப்புலயா பாத்தீங்க?"

"ஆமா."

"நாங்க ஏணி வெச்சு இறங்கியும் இத்தனை நாள் பாக்கலையே."

"நாங்களும் பதினேழு மாசம் பாக்கலே சார். பாத்தும் நம்பலே." அவள் பேனாவைத் திறந்தாள். "ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிச் சீசாவுல போட்டு அனுப்புங்க. சுவரை முழுசாச் சுரண்டி முடிச்ச பிறகு ரெண்டு தடவை கழுவி விடுங்க. தண்ணி ரொப்பின அன்னிக்கே எங்க ஆள் வருவார்."

"எப்ப வருவார்?"

அவள் திறந்திருந்த கதவுக்கு அப்பால், தாழ்வாரத்துச் சன்னல் வழியே பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் வேன் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. பின்கதவுக்குள் நாடா கட்டிய குப்பிகள் வரிசையாக நின்றன.

"நீங்க கூப்பிடறதுக்குள்ள வந்துடுவார்," என்றாள்.